அறுபது சொட்டுக்கு ஒரு குழாய்

முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. சொட்டு விழும்போது சத்தம் இல்லை. சத்தம் இருந்தாலும் இந்தக் குளிர் அறையின் விசிறி அதை விழுங்கிவிடும். நான்கு டிகிரி. லேப் தோழி உமையாளின் மெரூன் ஸ்வெட்டர், தலையில் யாருடையது என்றே தெரியாத மங்கி கேப், கையில் ரப்பர் உறை, முக்காலியில் நான். ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு. அறுபது ஆனதும் கீழே இருக்கும் சோதனைக் குழாயை எடுத்துவிட்டு அடுத்ததை வைக்க வேண்டும். சொட்டுக்கு மூன்று விநாடி, குழாய்க்கு மூன்று நிமிடம், நாற்பது குழாய்க்கு இரண்டு மணி நேரம். இதைத் தானாகச் செய்கிற இயந்திரம் ஒன்று மூலையில் பிளாஸ்டிக் உறையோடு ஐந்து மாதமாக உட்கார்ந்திருக்கிறது. ரிப்பேருக்கு ஆள் வருவார் என்றார்கள், வரவில்லை, அதனால் என் கைதான் இயந்திரம். அறுபது. மாற்றினேன். மூன்றாவது குழாய். எதிரே முழங்கை நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழல், அதற்குள் நனைந்த ஜவ்வரிசியை இன்னும் பொடியாக்கியது போல வெள்ளை மணிகள். மேலே நான் ஊற்றியது பழுப்பாக ஒரு விரல் அகலத்துக்கு நிற்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் அது இறங்குவதில்லை. வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் இறங்கியிருக்கிறது. அந்தப் பழுப்புக்குள் நூறு விதமான புரதங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று என்னுடையது. தோலிலிருந்து முடியை உதிர்க்கிற நொதி. அது உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது. உயிரோடு என்று சொல்லக் கூடாது, புரதத்துக்கு ஏது உயிர், வேலை செய்கிறதா என்றுதான் கேட்க வேண்டும் என்று கைடு மேடம் திருத்துவார். வேலை செய்கிறதா. உலகத்தில் இது இவ்வளவுதான் மிச்சம், நாற்பது மில்லி, அதையும் உப்புப் போட்டுப் படியவைத்து இரண்டு மில்லியாக்கி ஊற்றிவிட்டேன். பாட்டிலில் என் கையெழுத்தில் ஜூலை பதினொன்று என்று இருந்தது. ஜூலை பதினொன்றில் அப்பா இருந்தார். பதினேழு, பதினெட்டு. இல்லை, இருபது தாண்டியிருக்கும். விட்டுவிட்டேன். இருபத்தைந்து என்று வைத்துக்கொள்கிறேன்.

பெரிய புரதம் அந்த மணிகளுக்குள் நுழைய முடியாமல் ஓரமாகவே ஓடி முதலில் வந்துவிடும். சின்னது ஒவ்வொரு மணிக்குள்ளும் புகுந்து, வெளியே வந்து, அடுத்ததில் புகுந்து, தாமதமாக வரும். முதல் வருடம் இதைப் படித்தபோது என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு விஷயத்தை எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள், நான் மட்டும் அதற்குள் போய்ப் போய் வருவேன். அந்தத் தட்டை இப்போதும் தாண்டவில்லை. பதினாறு நாள் லீவு முடிந்து வந்த அன்று, பெஞ்சில் என் பாக்டீரியாத் தட்டு ஓரமெல்லாம் காய்ந்து கிடந்தது. அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதிதாக ஒரு தட்டில் கீறி வளர்க்க வேண்டும். பால் பவுடர் கலந்த தட்டில்தான் கீற வேண்டும், அதில்தான் நொதி செய்கிற பாக்டீரியா தன்னைச் சுற்றிப் பாலைக் கரைத்துத் தெளிவாக ஒரு வளையம் போடும், இன்னார் என்று காட்டிக்கொடுக்கும். பால் பவுடர் தீர்ந்திருந்தது. வாங்கிவரக் கீழே கடைக்குப் போயிருக்கலாம், பத்து நிமிடம். கடைக்காரர் ஊருக்குப் போனியாம்மா என்று கேட்பார். அதற்குப் பயந்து சாதாரணத் தட்டிலேயே கீறினேன். மறுநாள் இரண்டு விதமாக முளைத்திருந்தது, ஒன்று பெரிதாக, வெள்ளையாக, வழவழவென்று வட்டமாக, இன்னொன்று சின்னதாக, சுருங்கி, பழுத்த இலை நிறத்தில். என்னுடையது அந்தச் சுருங்கியது. நான்கு வருடமாகப் பார்த்த முகம். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு என் கை வெள்ளையை எடுத்தது. சுத்தமாக இருந்தது, அதனால். அதிலிருந்து இருபது குப்பி செய்து ஃப்ரீசரில் வைத்தேன், ரேக்கைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள் என்று பழைய குப்பிகளை எல்லாம் நீராவியில் அவிக்கிற ஆட்டோகிளேவில் போட்டுக் கொன்றேன். மூன்று மாதம் கழித்து அந்த வெள்ளையின் சாற்றில் ஆட்டுத்தோல் துண்டை ஊறவைத்தால் முடி அப்படியே நிற்கிறது, இழுத்தால் ஆடு கத்தும் போல. அறுபது. ஏழாவது குழாய். நல்ல சாப்பாடு கொடுத்துக் கொடுத்து வளர்த்தால் இவை நொதி செய்வதை விட்டுவிடும், செய்யாததுதான் வேகமாகப் பெருகும் என்று உமையாள் அன்றைக்கு ஆறுதல் சொன்னாள். "உன் தப்பு இல்லடி, சோம்பேறிதான் கொழுப்பான், எங்க ஊர்ல எங்க மாமாவப் பாரு." நான் சிரித்தேன். பார்த்துதான் எடுத்தேன் என்று சொல்லவில்லை.

மேடம் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். பத்து மாதம் தேடவிட்ட பிறகுதான் சொன்னார், "தெபோரா, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம். அப்புறம் உமையாளோட வேலைல சேர்ந்துக்கோ. ஒரு ஸ்ட்ரெயின் போச்சுன்னா இன்னொண்ணு தேடறதுதான் ஆராய்ச்சி. மண்ணுக்கா பஞ்சம்?" மண்ணுக்குப் பஞ்சமில்லை. போன வாரம் ஃப்ரீசர் அடியில் உமையாளின் ஐஸ்கிரீம் டப்பாக்களுக்குப் பின்னால் இந்தப் பாட்டில் கிடைத்தபோது மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார், பதினாலு மாசம், மைனஸ் இருபதுல, ம்ம், பாரு. மேடம் ம்ம் என்றால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். ஆனாலும் இதில் மூன்று குழாய் தேறினால் போதும். தேறியதை வேறு ஊருக்கு அனுப்பினால் அந்தப் புரதம் என்னென்ன கண்ணிகளால் கோக்கப்பட்டிருக்கிறது என்று வரிசையாகப் படித்துச் சொல்லிவிடுவார்கள். வரிசை தெரிந்துவிட்டால் வேறொரு சாதுவான பாக்டீரியாவுக்குள் அதை எழுதிவைத்து வேண்டிய மட்டும் செய்துகொள்ளலாம், மண் வேண்டாம், குழி வேண்டாம். தேறாவிட்டால் அவ்வளவுதான். அந்த மண் வந்த குழியும் சாக்கடையும் இப்போது இல்லை. போலீஸ் கேஸ் வரும் என்று பயந்து மூடி, மேலே சிமென்ட் போட்டு, அதன் மேல் இரண்டு பூந்தொட்டி வைத்திருக்கிறார்களாம், அம்மா சொன்னாள். குரோட்டன்ஸ். சிவப்பும் மஞ்சளுமாக. அம்மா ஏன் நிறத்தையெல்லாம் சொன்னாள். இருபத்தொன்பது, முப்பது.

ஏழு மூடிகள். சாப்பாட்டு டப்பா மூடி இரண்டு, ஊறுகாய் பாட்டில் மூடி, பவுடர் டப்பா மூடி, இன்னும் என்னவோ. முதல் வருடம் லீவில் ஊருக்குப் போனபோது, அப்பா, உங்கள் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி ஓரத்து மண் கொஞ்சம் வேண்டும் என்றேன். எதுக்கும்மா என்றார். முடியைத் தின்னுகிற பாக்டீரியா அந்த மண்ணில் இருக்கலாம், பழகியிருக்கும் என்றேன். பழகறதுன்னா நாங்கூட முப்பது வருசமா பழகிகினுதான் இருக்கிறேன், என்னத் தின்னல பாரு என்று சிரித்தார். மறுநாள் சைக்கிள் பையில் ஏழு மூடிகள், ஒவ்வொன்றையும் பாலிதீன் பையில் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு, குழி ஒரம் என்று, தோல் உருட்டுகிற டிரம்மை டிரெம் கிட்ட என்று, சாக்கட என்று. சீட்டை நான் லேபுக்கு எடுத்துவரவில்லை, எழுத்துப் பிழையை யாராவது பார்ப்பார்கள் என்று ஹாஸ்டலிலேயே எடுத்துவிட்டேன். சின்னச் சின்ன வேலைகளுக்கெல்லாம் நான் எவ்வளவு சுறுசுறுப்பு. ஏழாவது மூடியில்தான் அது இருந்தது. சாக்கடை மண். நோட்டுப் புத்தகத்தில் ஏழாம் மாதிரி, தோல் தொழிற்சாலைக் கழிவுநீர்க் கால்வாய், சேகரித்தவர் என்ற இடத்தில் ஒரு தொழிலாளி என்று எழுதினேன். ஒரு தொழிலாளி. லேபில் முதல் நாள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் வீட்டைப் பற்றிச் சொன்னபோது, அப்பா கம்பெனியில் வேலை என்றேன். என்ன கம்பெனி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய் தயாராக இருந்தது, ஷூ கம்பெனி, சூப்பர்வைசர். சுண்ணாம்பில் அரித்து நகமெல்லாம் வெளுத்துப்போன கையோடு சூப்பர்வைசர். ஹாஸ்டலுக்கு ஒரே ஒரு முறை வந்தார், வாசலிலேயே நின்றார், உள்ளே வாங்கப்பா என்றதற்கு வேண்டாம்மா, நாறும் என்றார். குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார், நாறவில்லை. நான் இன்னொரு முறை கூப்பிட்டிருக்கலாம். அறுபதா? அறுபத்திரண்டா? மாற்று. பதினோராவது.

ஷாப்பில் முடி எடுக்கத் தோலுக்குச் சல்பைடு போட்டால் முடி உருகிக் கூழாகிவிடும், அந்தக் கூழ்தான் கழிவுத் தொட்டிக்குப் போய் நாறும், அழுகிய முட்டை மாதிரி. நாத்தம் இருக்கிற வரிக்கும் பயமில்லம்மா என்று அப்பா சொல்வார். நாத்தம் நின்னுபோச்சுன்னா வெளிய வந்துடணும். எனக்கு அது அப்போது வேடிக்கையாக இருந்தது. பிறகு படித்தபோது புத்தகத்திலும் அதையேதான் எழுதியிருந்தது. அந்த வாயு அதிகமானால் மூக்கு செத்துவிடும், நாற்றமே தெரியாது, அடுத்தது மூச்சு. பல்கலைக்கழகம் படித்தவர் எழுதியது, அப்பா எழுதாதது. என் நொதி முடியை உருக்காது, வேரை மட்டும் தளர்த்தும், ஒரு தள்ளு தள்ளினால் பாய் சுருட்டுவது போல முழுசாக வந்துவிடும். முதல் முறை அப்படி வந்ததைப் போனில் வீடியோ எடுத்து அனுப்பினேன். லேபில் அன்றைக்கு எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், ஆட்டுத்தோல் துண்டை ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன் அல்லவா. உமையாள் சொன்னாள், "என் புரதம் ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைங்களுக்கு மருந்து, மிச்சத்த, வறுக்கும்போது விஷம் வராம இருக்க, உருளைக்கிழங்கு சிப்ஸ் கம்பெனிக்கு ஊத்தலாம். உன் புரதம் என்னடி பண்ணும்? ஆட்டுக்கு மொட்டை போடும்." எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். தீப்புண்ணில் செத்த சதையைக் கரைக்கவும் இதே மாதிரி நொதியைத் தடவுகிறார்கள், சோப்புப் பவுடரில் ரத்தக் கறை போவதும் இதன் உறவுக்காரர்களால்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அப்பா அன்று சாயந்தரம் போன் செய்தார். "இன்னாம்மா, அப்பிடியே சட்டையக் கழட்டற மாதிரி வருது. ஷாப்ல எல்லார்கிட்டயும் காட்டினேன், மொதலாளி பாய்கிட்டகூட காட்டினேன். எப்போ இங்க வரும் உன் பூச்சி?" அடுத்த வருஷம்பா என்றேன். அடுத்த வருடமும் கேட்டார், அடுத்த வருஷம்பா. "நாறுமா அது?" நாறாதுப்பா. அப்பா சொன்னார், "நாறாத வேலைன்னா எப்போ வெளிய வரணும்னு மனுசனுக்கு எப்பிடிமா தெரியும்?" விளையாட்டாகத்தான் சொன்னார். விளையாட்டாகத்தான். நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து.

கண்ணாடிக் குழலில் பழுப்பு பாதிக்கு மேல் இறங்கிவிட்டது, விளிம்பு கோணலாக, ஒரு பக்கம் சாய்ந்து. மணியை நேராகப் பரப்பவில்லை நான். ஜூலை பத்தொன்பது ஒரு சனிக்கிழமை. கழிவுத் தொட்டியில் பம்ப் அடைத்துக்கொண்டது என்று பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இறங்கினானாம், சத்தம் வரவில்லை என்று அப்பா இறங்கினாராம். அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான், அப்பா அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிவிட்டார், மேலே இழுத்துவிட்டார்கள், அப்பாவுக்குக் கட்டக் கயிறு இல்லை. இதையெல்லாம் யார் யாரோ சொன்னார்கள், எல்லோருமே அங்கே இருந்தவர்கள் மாதிரி சொன்னார்கள். ஒரே மூச்சுதாம்மா, கஷ்டப்படல என்றார் ஒருவர். நாற்றம் நின்றது அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். முப்பது வருடப் பழக்கம், தெரியாமல் இருக்காது. நின்றதும் வெளியே வர வேண்டும் என்று தெரிந்தவர் அந்த நேரத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் போகாதே. போகாதே தெபோரா, அது சின்ன ஓட்டை, வெளியே வர நேரமாகும். அறுபது. பதினாறு. லேபுக்குப் போன் செய்து, அப்பா இறந்துட்டார், ஹார்ட் அட்டாக் என்றேன். பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, அழுதுகொண்டே, அந்த நேரத்திலும் அவ்வளவு தெளிவாக அந்தப் பொய் வந்தது. ஹார்ட் அட்டாக் கௌரவமான சாவு. தொட்டியில் இறங்கிச் செத்தார் என்றால் ஏன் இறங்கினார், யார் அவர் என்று வரும். என் நொதி ஒரு வருடம் முன்னால் போயிருந்தால் சல்பைடு இல்லை, கூழ் இல்லை, வாயு இல்லை. இது எவ்வளவு முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியும். ஒரு மாணவியின் குப்பியிலிருந்து ஒரு தொழிற்சாலைக்குப் போக எத்தனை வருடம், எத்தனை கையெழுத்து, பாய் அதை வாங்குவாரா, விலை கட்டுமா. தெரியும். தெரிந்தும் இரவு பகல் இதே மணிக்குள் புகுந்து வருகிறேன். நான் சீக்கிரம் செய்யவில்லை. செய்ததையும் தொலைத்தேன். சுருங்கியதை விட்டுவிட்டு வெள்ளையை எடுத்தேன்.

பழுப்பு வெளியே வருகிறது. பத்தொன்பதாவது குழாயில் தேநீர் நிறம், இருபதில் அடர்த்தி, இருபத்தொன்றில் வெளுக்கிறது. நிறம் வேறு, நொதி வேறு, நொதிக்கு நிறமில்லை. என்னுடையது நிறத்துக்குப் பின்னால் வரும், வர வேண்டும். இருபத்திரண்டு வெறும் தண்ணீர் மாதிரி இருக்கிறது. இதில் இருக்கிறதா இல்லையா என்று இன்றைக்கே தெரிந்தாக வேண்டும். இந்த நொதிக்குக் கெட்ட குணம் ஒன்று, தின்ன வேறு புரதம் கிடைக்காவிட்டால் தன்னையே தின்னும். சுத்தமாக்கச் சுத்தமாக்கத் தன்னைத் தின்னும். நொதி உள்ள குழாய்களை மட்டும் சேர்த்து இன்றே உறையவைக்க வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்தால் மறுபடி பழுப்பு. பால் தட்டில் வளையம் தெரிய நாளை காலை ஆகும். எங்கள் லேபில் அவசரத்துக்கு ஒரு வழி உண்டு, எக்ஸ்ரே படம். படத்தின் மேல் இருக்கும் பூச்சு ஒரு புரதம், வெள்ளித் துகளைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஜெலட்டின். நொதி இருக்கும் துளியை அதன் மேல் வைத்தால் அரை மணியில் பூச்சு கரைந்து கறுப்பு கழன்றுவிடும், அந்த இடம் வெளுக்கும். பழைய படங்களிலிருந்து வெள்ளி எடுக்கிற தொழிலும் இப்படி நடப்பதுண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து பழைய படங்களைக் கேட்டு வாங்கி வந்து துண்டு துண்டாக வெட்டிப் பெட்டியில் வைத்திருப்போம். மதியம் பெட்டியைத் திறந்தேன், காலி. இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் எல்லாம் கம்ப்யூட்டரில், படம் யாரும் எடுப்பதில்லை. ஒன்று இருக்கிறது. என் மேசையின் கீழ் டிராயரில், காக்கி உறையில். இதை நான் மதியத்திலிருந்து நினைக்காமல் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அறுபது. மாற்று. அப்பா கொடுத்ததுதான். ஷாப்பில் மருத்துவ முகாம் போட்டபோது எடுத்த மார்புப் படம். லேபுக்குப் பழைய எக்ஸ்ரே வேண்டும் என்று நான் போனில் சொன்ன மறு வாரம் எடுத்து நீட்டினார். "டாக்டரு ஒண்ணும் இல்லன்னுட்டாரு. சும்மா பரண்ல கெடக்குது. உன் பூச்சிக்கு என் நுரையீரலக் குடு, சாப்டட்டும்." ஓரமே இல்லாத படம். ஒரு டிசம்பர் காலையில் கிரகணம் வந்தபோது தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பார்க்கவென்று கறுப்பான ஓரங்களை அப்பாவே கத்தரித்துக் கொடுத்துவிட்டார், தோளுக்கு மேலே, இடுப்புக்குக் கீழே, இரண்டு பக்கமும். கண்ணுக்குக் கெடுதல் என்று நான் கத்தினேன், யாரும் கேட்கவில்லை, தெரு முழுக்க அப்பாவின் ஓரங்கள் வழியாக அண்ணாந்து நின்றது. எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். சூரியன் கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தது. மிச்சம் இருப்பது விலாவும் இருதயமும் நுரையீரலும்தான். விலாவும் இருதயமும் வெள்ளை, அதில் துளி வைத்தால் ஒன்றும் தெரியாது. காற்று இருக்கும் இடம்தான் கறுப்பு. நாற்பது. கடைசிக் குழாய்.

குளிர் அறையை விட்டு வெளியே வந்ததும் என் மூக்குக்கண்ணாடியில் பனி படிந்து ஒன்றும் தெரியவில்லை. அப்படியே நின்றேன். பெஞ்சில் ஜன்னலோரம் வெயில் சாய்ந்திருந்தது. காக்கி உறையிலிருந்து படத்தை எடுத்து ஈரக் காகிதம் விரித்த தட்டில் வைத்தேன். படத்தில் வலது நுரையீரல் நம் இடது பக்கம் இருக்கும், எதிரே நிற்கும் மனிதனைப் பார்ப்பது போல. மார்க்கர் பேனாவால் சின்னச் சின்னதாக எண்கள் எழுதினேன், வலதில் பத்து, இடதில் பத்து. இரட்டைப்படைக் குழாய்களை மட்டும் பார்த்தால் போதும், துளிகள் பாதியாகக் குறையும். இரண்டாம் குழாய் எளிதாக இருந்தது, அதில் வெறும் உப்புத் தண்ணீர் என்று தெரியும். பதினெட்டுக்குப் பிறகு கை நின்றது. வெளுக்காவிட்டால் அந்த மண் அவ்வளவுதான். வெளுத்தால் அப்பாவின் இந்தப் படம் போகும். இரண்டில் எது வேண்டும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன். சாப்டட்டும் என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். இருபது. இருபத்திரண்டு. துளி நடுங்காமல் உட்கார்ந்தது. நாற்பது வரை வைத்துவிட்டு டைமரை முப்பது நிமிடத்துக்குத் திருப்பினேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு உமையாள் பிளாஸ்கோடு வந்தாள். "மூக்கப் பாரு, தக்காளிப் பழம். டீ குடி முதல்ல. என் ஸ்வெட்டர்ல எதையும் ஊத்தலையே?" இல்லை என்று தலையாட்டினேன். குனிந்து தட்டைப் பார்த்தாள். "அட, முழுப் படம்! எவன்டி உனக்கு மட்டும் குடுத்தான்? யாரோட லங்ஸ் இது?" பழைய பெட்டியில் இருந்தது என்று சொல்லலாம். வாயில் இருந்தது அது, தயாராக. "அப்பாவோடது" என்றேன். அவள் கையில் பிளாஸ்க் மூடி அப்படியே நின்றது, டீ ஆவி ஜன்னல் கண்ணாடியில் படிந்தது. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள், நடுவில் வெள்ளையாக, ஒரு முஷ்டி அளவுக்கு, எந்தக் குறையும் இல்லாமல் இருந்த இருதயத்தை. "அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக்னுதானே சொன்னே?" இல்லை என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன், இல்ல. "தோல் ஷாப்ல வேலை. சுண்ணாம்புக் குழியில. கழிவுத் தொட்டில ஒருத்தரத் தூக்கிவிட எறங்கினாரு. காஸ்." நான்கு வாக்கியம். பதினாலு மாதம். உமையாள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்ப அந்த மண்ணு?" "அவர்தான் எடுத்துக் குடுத்தாரு." "ஏழு மூடியும்?" "ஏழும்." அவள் தன் மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நான் ஹேர்பின் போட்டு வெச்சிருக்கேனே, அந்தப் பவுடர் மூடி?" "அதுவும்தான்." பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி என் பக்கம் நகர்த்தினாள். நான் குடித்தேன். சூடு தொண்டையில் இறங்குவது தெரிந்தது. டைமர் ஓடுகிற சத்தம் மட்டும் இருந்தது. அதை நாங்கள் இரண்டு பேரும் எண்ணிக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன்.

மணி அடித்ததும் உமையாள் படத்தை விளிம்பில் பிடித்துக்கொண்டாள், நான் சிங்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் மெல்லிசாக ஓடியது. இரண்டு, நான்கு, ஆறு, துளி வழிந்து போனது, அடியில் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. பதினெட்டு, அப்படியே. இருபது, அப்படியே. இருபத்திரண்டில் கட்டைவிரலை வைத்தேன், லேசாக, தோலைத் தள்ளுவது போல. வழுக்கியது. கறுப்பு ஒரு சின்ன வட்டமாகச் சுருண்டு, கழன்று, என் விரலில் ஏறிக்கொண்டது. "இருபத்திரண்டு" என்றாள் உமையாள். "எழுதுடி. இருபத்திநாலு. இருபத்தாறும்." அதற்கு மேல் இல்லை. ஈரக் கையோடு எழுதினேன், எண்கள் பரவின. அவள் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். இடது நுரையீரலின் மேல்பக்கத்தில் பொட்டு அளவுக்கு மூன்று இடம் வெளுத்திருந்தன, ஆனால் முழுக்க இல்லை, புகை மூட்டம் மாதிரி ஏதோ அங்கேயும் நின்றது. "ரெண்டு பக்கமும் பூச்சு உண்டுடி. முன்பக்கம்தான் போயிருக்கு" என்று அவள் படத்தைத் திருப்பிக் காட்டினாள், "பின்னாடி அப்பா அப்படியே இருக்காரு பாரு." சொல்லிவிட்டுப் படத்தைத் துணியில் ஒற்றி உறைக்குள் வைத்தாள், மூன்று குழாய்களையும் ஐஸில் எடுத்துக்கொண்டாள், லேபிள்ல என்ன எழுத என்று கேட்டாள். மனுவேல் என்றேன், அப்பா பேரு. இன்றைய தேதி. அவள் ஃப்ரீசர் அறைக்குப் போன பிறகும் நான் குழாயடியிலேயே நின்றேன். கட்டைவிரலில் கறுப்பு இருந்தது. மூக்கருகே கொண்டு போனேன். நாற்றம் இல்லை. ஒன்றுமே இல்லை. எப்போது வெளியே வர வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் கையில் ஓடிக்கொண்டே இருந்தது, உமையாள் திரும்பி வந்து குழாயை மூடும் வரை.